காயம் ஆறிய பின்னும்



சிங்காநல்லூரில் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடு ஒன்றில் என் இளமை கழிந்தது. அடுத்த வீட்டு அக்காளை அவர் கணவர் அடிப்பது தெருவறிந்த செய்தி. மாலையில் ஆலைச் சங்கு ஊதியதும் அவர் பாத்திரங்களை ஓசையின்றி அடுக்கத் தொடங்குவார். பின்னர் கணவர் மறைந்தார், ஆலையும் மூடப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து அவரைக் காணச் சென்றிருந்தேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. அவர் கைத் தம்ளர் நடுங்கிற்று. “அடிச்சவரு போய்ச் சேந்துட்டாரு கண்ணு. பயந்தான் போகமாட்டீங்குது” என்றார்.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்தது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். வருத்தும் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர் ஆகிய மூன்றும் புறத்தேயிருந்து வருவன. அவற்றுக்கு அஞ்சினால் வீட்டுக்குள் ஓடிக் கதவடைக்கலாம். நான்காவது, தன்மேல் ஆளுகையுடைய தலைவன். அத்தலைவன் வீட்டினுள்ளேயே இருந்தால் எந்தக் கதவை அடைப்பது?

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில், அரசியல் கைதிகளின் உளநிலையோடு இல்லத்தில் வதைபட்ட பெண்களின் உளநிலையை ஒப்புநோக்கினார். திடுக்கிட்டு விழித்தல், உறக்கமின்மை, உணர்வு மரத்துப்போதல், தன்னையே குற்றவாளியாகக் கருதுதல் என இருசாராரிடமும் ஒரே தடங்கள் இருந்தன. தப்ப வழியின்றி நெடுநாள் அஞ்சி வாழ்ந்த உள்ளம், ஆபத்து நீங்கிய பின்னும் காவலைக் கைவிடுவதில்லை.

நம் நாட்டில் 2005இல் இயற்றப்பெற்று 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சொல்லாலும் உணர்வாலும் இழைக்கும் கொடுமையையும் வன்முறை என்றே வரையறுத்தது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் மணவாழ்வு கண்ட பெண்களுள் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்துள்ளனர். இந்த அவையிலும் அத்தகையோர் இருக்கக்கூடும்.

இனி ஓர் ஒப்புதல். அந்த அக்காளை எண்ணித்தான் முன்பொரு கவியரங்கில், பொறுமையே பெண்மை என்று பாடினேன். கைதட்டலும் பெற்றேன். கேட்க வந்திருந்த அவர் தலைகுனிந்தவாறே எழுந்து போனார். நாணத்தால் என்று அன்று நினைத்தேன். அவருடைய அச்சத்துக்கு நான் பொறுமை என்று பெயர் சூட்டிவிட்டேன் என்பது, அந்தத் தம்ளர் நடுங்கியபோதுதான் விளங்கிற்று.

சொல்லுக்குப் பொறுப்பேற்பவனே கவிஞன். சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்டால், பாடுமுன் கதவைத் தட்டுவோம். பல்லாண்டு கழித்து ஒரு பெண் வாய்திறந்தால், “இன்னுமா மறக்கவில்லை?” என்று கேளாதிருப்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை உடனிருப்போம். அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் எழுதும் கவிதைகளை அந்த அக்காள் தலைநிமிர்ந்து அமர்ந்து கேட்க வேண்டும்.