வாசற்படியில் வெயில் காய்ந்தவர்கள்



1660 நவம்பர் 12. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூர். ஒரு வீட்டில் சிலர் ஜெபத்துக்குக் கூடியிருக்கிறார்கள். பேச வந்தவர் ஜான் பனியன். பிடியாணை பிறந்துவிட்டது, கூட்டத்தைக் கலைத்துவிடலாமா என்று வேண்டியவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். பனியன் இணங்கவில்லை. வேதபுத்தகமும் கையுமாகப் பிடிபட்டார்.

அவர் படித்துப் பட்டம் வாங்கிய போதகர் அல்ல. ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர். அரசாங்கத் திருச்சபையின் அனுமதி இல்லாமல் பிரசங்கம் பண்ணினார் என்பதுதான் குற்றம். முதலில் விதித்தது மூன்றே மாதம். 'இனிமேல் பேச மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அந்த மூன்று மாதம் பன்னிரண்டு வருஷமாக நீண்டது.

இப்படிப்பட்டவரை இரும்பு மனசுக்காரர் என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் சிறையிலிருந்தே அவர் எழுதி 1666இல் வெளியான தன்வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள்; இவ்வளவு பயந்த சுபாவமா என்று ஆச்சரியப்படுவீர்கள். நம் ஊர்க் கிட்டிப்புள் மாதிரி ஒரு விளையாட்டு அவருக்கு உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் நடுவிலேயே, பாவத்தை விடப்போகிறாயா, நரகத்துக்குப் போகிறாயா என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. அப்படியே வானத்தைப் பார்த்து நிற்கிறார். 'எப்படியும் இனி நமக்கு மன்னிப்பில்லை, ஆடித் தீர்ப்போம்' என்று மறுபடி கோலை எடுக்கிறார். பிறகு கோயில் மணி. மணியடிப்பதில் இருந்த மோகத்தைப் பாவம் என்று விட்டுவிட்டார், வேடிக்கை பார்க்கும் ஆசையை மட்டும் விட முடியவில்லை. மணி தலையில் விழுந்தால்? உத்தரத்துக்கு அடியில் போய் நின்றார். சுவரில் பட்டுத் தெறித்து வந்தால்? வாசலுக்கு வந்தார். கோபுரமே சரிந்தால்? ஓடிவிட்டார். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் தனக்கு மன்னிப்பே கிடையாது என்று அவர் நம்பித் தவித்த மாதங்களைப் பற்றிய பக்கங்களில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதரைத் தாங்கியது எது? அந்தப் புத்தகத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. தொழில் விஷயமாகப் பெட்ஃபோர்டு தெருவில் போகிறார். ஒரு வீட்டு வாசலில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வெயில் காய்ந்தபடி கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பனியனுக்கும் பக்திப் பேச்சு நன்றாக வரும். நாமும் கலந்துகொள்வோமே என்று பக்கத்தில் போகிறார். போனவருக்குப் பேச்சு எழவில்லை. அவர்கள் தங்கள் மனதின் அழுக்கைப் பற்றியும், கிறிஸ்துவின் அன்பு தங்களைத் தொட்டதைப் பற்றியும் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்கிற விஷயத்தை விடச் சொல்கிற விதம் அவரை இழுத்தது. உள்ளே இருக்கிற ஆனந்தம் அவர்களைப் பேச வைத்தது போல இருந்ததாம். வேலையைப் பார்க்கப் போய்விட்டார், மனசு மட்டும் அங்கேயே கிடந்தது. அதன் பிறகு திரும்பத் திரும்ப அவர்களைத் தேடிப் போனார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சந்தோஷம் அன்றைக்கு அவருக்குக் கிடைத்துவிடவில்லை. அடுத்தவர் முகத்தில் பார்த்தார், அவ்வளவுதான். அப்புறமும் எத்தனையோ காலம் இருட்டில்தான் அலைந்தார். ஆனால் அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்துவிட்டது. விசுவாசி எந்நேரமும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று சில பிரசங்கங்களில் கேட்கிறோமே, எனக்கு அதில் சம்மதம் இல்லை. பனியன் கதையில் முதலில் வந்தது ஏக்கம்தான். ஏக்கம் விடாததால் அவரும் விடவில்லை.

சிறைக்குள்ளும் அப்படித்தான். மூத்த தாரத்துப் பிள்ளைகள் நால்வர். அதில் மேரிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இந்தக் குளிரில் அந்தப் பிள்ளை பிச்சை எடுக்க நேருமோ, யாராவது அடிப்பார்களோ என்ற நினைப்பில் நெஞ்சு உடைகிறது என்று எழுதுகிறார். இரண்டாம் மனைவி எலிசபெத் அப்போது கர்ப்பிணி. கணவர் கைதான அதிர்ச்சியில் குறைமாதத்தில் பிரசவம், குழந்தை தங்கவில்லை. அந்தப் பெண்தான் 1661இல் நீதிபதிகள் முன்னால் போய் நின்று வாதாடினார். பாத்திரம் அடைக்கிற ஏழை என்பதால்தானே அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்டார். விடுதலை கிடைக்கவில்லை. பனியன் உள்ளே நாடா செய்தார்: நுனி பிரியாமல் இருக்கச் சின்னத் தகட்டைச் சுற்றி இறுக்கிய நீள நாடாக்கள். கட்டுக் கட்டாகச் செய்து விற்ற காசுதான் குடும்பத்துக்குப் போனது.

பிறகு 1678இல் வந்ததுதான் உலகம் அறிந்த அந்த நூல், 'மோட்ச பிரயாணம்'. மோட்சத்தை நோக்கி நடக்கிற ஒரு பயணியின் கதை அது. அதில் ஓர் இடம். சுவர் ஓரமாக நெருப்பு எரிகிறது. ஒருவன் விடாமல் தண்ணீர் ஊற்றுகிறான். நெருப்போ இன்னும் ஓங்கி எரிகிறது. என்ன மாயம் என்று பயணிக்குப் புரியவில்லை. சுவருக்கு மறுபக்கம் அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். அங்கே ஒருவர் யாருக்கும் தெரியாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். அவர் கிறிஸ்து. நெருப்புக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்த மனிதர் தன் வைராக்கியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டது இதுதான்.

தமிழுக்கு இந்தக் கதையைக் காப்பியமாகத் தந்தவர் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1894இல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 3766 பாடல்கள் கொண்டது. பனியனுடையது சந்தைத் தெருப் பேச்சு. பிள்ளையவர்களுடையது காப்பிய நடை. பேச்சு நடைதான் எனக்கு நெருக்கம் என்றாலும், பிள்ளையவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பனியனின் பயணி சிலுவையடிக்கு வருகிறான், முதுகுச் சுமை கழன்று விழுகிறது, நடந்துவிடுகிறான். பிள்ளையவர்களோ இயேசு பட்ட பாடுகளையே விரித்துப் பாடுகிறார். நடக்கிறவனுக்கு முன்னால் ஒருவர் வலியோடு நடந்து போயிருக்கிறார் என்பதை அவர் சட்டென்று தாண்டிப் போகவில்லை.

பயணத்தின் கடைசியில் வரும் ஆற்றங்கரையில்கூடப் பனியனின் பயணி வீரனாக இல்லை. தண்ணீரில் இறங்கியதும் மூழ்குகிறான், அலறுகிறான். கூட வந்த தோழன்தான் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கரை சேர்க்கிறான்.

'மோட்ச பிரயாணம்' நூலுக்கு 1684இல் வந்த இரண்டாம் பாகத்தை ஏனோ பலரும் படிப்பதில்லை. அதில் வருகிறவர்கள் பெண்கள், பிள்ளைகள், மனம் தளர்ந்தவர்கள், ஊன்றுகோல் பிடித்து நொண்டி வருகிறவர். இவர்களை அழைத்துப் போகும் வழிகாட்டி வாள் பிடித்த வீரர். என்னால் உங்களோடு சேர்ந்து நடக்க முடியாது, நீங்கள் போங்கள் என்று பலவீனர் ஒருவர் பின்தங்குகிறார். வழிகாட்டி விடவில்லை. பலவீனரைத் தாங்கச் சொல்லித்தான் எனக்குக் கட்டளை, உங்களுக்காகக் காத்து நிற்போம் என்கிறார். அதற்குள் ஊன்றுகோல்காரரும் வந்து சேர்கிறார். பலவீனருக்கு ஒரே மகிழ்ச்சி, தனக்கேற்ற வேகத்தில் நடக்க ஒரு துணை கிடைத்துவிட்டது என்று.