மெடக்கா மீனின் முட்டைக்குள்ளே

யப்பானிய நெல்வயல் வாய்க்கால்களில் மெடக்கா என்றொரு சிறு மீன் வாழ்கின்றது. நீளம் மூன்று நான்கு சதமமீற்றர்தான். விடியற்காலையில் முட்டையிடும் தாய்மீன், அம்முட்டைகளைச் சில மணிநேரம் தன் வயிற்றில் ஒட்டியபடியே சுமந்து திரியும். முட்டையோ கண்ணாடி போன்று தெளிந்தது. இரண்டாம் நாள் முடியுமுன்னரே உள்ளேயிருக்கும் முளையத்தின் இதயம் துடிப்பதை நுணுக்குக்காட்டி மூலம் நாம் காணலாம்.

அம்முளையத்தின் எல்லாக் கலங்களிலும் இருப்பது ஒரே பரம்பரையலகுத் தொகுதியே. அப்படியாயின் ஒரு கலம் கண்ணாகவும் மற்றொன்று செட்டையாகவும் மாறுவதேன்? எந்த அலகு, எவ்விடத்தில், எவ்வேளையில் வெளிப்படுகின்றது என்பதே காரணம். முதற் சில மணிநேரம் முளையத்தின் சொந்த அலகுகள் பெரும்பாலும் வாளாவிருக்கும். தாய் முட்டையில் வைத்துவிட்ட செய்திகளே வேலையை நடத்தும்.

ஆண், பெண் என்ற பிரிவும் இவ்வாறானதே. நம்மைப் போலவே மெடக்காவிலும் எக்ஸ், வை என்னும் நிறமூர்த்தங்கள் உண்டு. செந்நிறந் தரும் அலகு வை நிறமூர்த்தத்தில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதை 1921ஆம் ஆண்டில் ஐடா என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். நாகோயாவிலிருந்த யமமோட்டோ இதனை மிக அழகாகப் பயன்படுத்தினார். அவர் வளர்த்த வகையிற் சிவந்தது ஆண், வெளுத்தது பெண். குஞ்சுகளுக்குப் பெண் ஓமோன் கலந்த உணவை ஊட்டினார். சிவந்த மீன்கள் முட்டையிட்டன! 1953ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவை வாசிக்கும்போது இன்றும் வியப்புண்டாகின்றது. பரம்பரையால் ஆண், தொழிலால் தாய்.

வை நிறமூர்த்தத்தில் இதற்குப் பொறுப்பான அலகு 2002ஆம் ஆண்டிலேதான் அகப்பட்டது. அதற்கு டி.எம்.வை. என்று பெயரிட்டனர். முட்டை பொரிப்பதற்குச் சற்றுமுன், இனப்பெருக்கக் கலங்களைச் சூழ்ந்துள்ள கலங்களில் அது வெளிப்படுகின்றது. இனப்பெருக்கக் கலங்கள் விரைந்து பெருகாதவாறு தடுக்கின்றது. பெண் முளையத்தில் அத்தடை இல்லை.

இயற்கையிலேயே வை நிறமூர்த்தமுள்ள பெண் மீன்கள் சில பிடிபட்டன. ஒன்றில் அவ்வலகு சிதைந்திருந்தது. மற்றொன்றின் சந்ததியில் அலகு இருந்தும் அதன் வெளிப்பாடு குறைந்திருந்தது. ஆணாகவேண்டிய குஞ்சுகளிற் பல பெண்ணாயின. ஆகவே அலகு இருந்தால் மட்டும் போதாது. உரிய வேளையில் உரிய அளவுக்கு அது பேசவேண்டும். நீரின் வெப்பமும் இதிலே தலையிடும். 32 பாகை செல்சியசில் வளர்ந்த முளையங்களில், இரு எக்ஸ் கொண்டவையும் ஆணாவதுண்டு.

இவ்வலகு மெடக்காவின் உறவினங்கள் எல்லாவற்றிலும் இல்லை. பிலிப்பைன்சிலுள்ள லூசோன் இனத்தில் ஜீ.எஸ்.டி.எவ். என்னும் வேறோர் அலகு அப்பணியை ஏற்றுள்ளதென 2012ஆம் ஆண்டிற் கண்டனர். இந்திய உப்பங்கழிகளில் வாழும் இனத்திலோ, சொக்ஸ்-3 என்னும் அலகு அப்பணியைச் செய்வது 2014ஆம் ஆண்டில் தெரியவந்தது. அது தட்டி எழுப்புவதும் அந்த ஜீ.எஸ்.டி.எவ். அலகைத்தான்.