நோயுற்ற நாய்க்கு ஒரு துணை



மனிதருக்கு வரும் நோய்களிற் பல, அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் பிராணிகளுக்கும் வருவதுண்டு. நாய்க்கு நீரிழிவு வரும், கண்ணிற் படலம் வரும் என்றால் ஒப்புக்கொள்ளும் நம்மவர்கள், நாய்க்குப் புற்றுநோய் என்றதும் சிறிது நகைக்கின்றார்கள். அந்நாயின் காலைச் சத்திரசிகிச்சையால் அகற்றிவிட்டு, மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்தும் ஏற்றுகின்றார்கள் என்று சொன்னாலோ, நகைப்பு மாறிக் கோபமாகிவிடுகின்றது. "மனிதருக்கே மருந்து கிடைக்காத நாட்டில் நாய்க்கு இது ஒரு கேடா?" என்று மடுல்சீமைக் கடைத்தெருவில் ஒருவர் கேட்டதை நான் என் காதாற் கேட்டிருக்கின்றேன். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். 2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டின்போது நமது ஆஸ்பத்திரிகளில் நோயாளர் பட்ட பாட்டை நாம் எல்லோரும் அறிவோம். அக்கேள்விக்குப் பின்னர் வருகின்றேன். முதலில் அந்த நாயின் கதையைச் சொல்லிவிடுகின்றேன்.

எங்கள் பாடசாலைக்குக் கூப்பிடு தொலைவில் ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் ஒருவரின் குடும்பம் வாழ்கின்றது. அவர்கள் வீட்டு நாயின் பெயர் ஜிம்மி. தோட்டப்புறத்து நாய்களுக்கு இன்றும் துரைமார் காலத்துப் பெயர்களையே நாம் சூட்டி வருகின்றோம்; அது வேறு கதை. பங்களாவில் நின்ற அல்சேஷனுக்கும் லயத்து நாய் ஒன்றுக்கும் பிறந்த பெரிய நாய் அது. எட்டு வயதான பொழுதில், வலது முன்னங்காலை மெல்ல நொண்டத் தொடங்கியது. தேயிலை மலையில் கான் தாண்டும்போது சுளுக்கியிருக்கும் என்று எண்ணி, எண்ணெய் பூசிக் கட்டுப் போட்டார்கள். நொண்டல் இரண்டு நாள் குறையும், பிறகு கூடும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீக்கமொன்று கல்லைப் போலத் தட்டுப்பட்டபோதுதான் பதுளைக்குக் கொண்டு சென்றார்கள். எக்ஸ்ரே படத்தில் அவ்விடத்து எலும்பு கறையான் தின்ற பலகை போல் இருந்தது. சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில், ஒஸ்டியோசார்க்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் என்பது உறுதியாயிற்று.

நாய்களின் எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்களில் 100க்கு 85 வரை இந்த வகையைச் சேர்ந்தவைதாம். உடல் பெருத்த சாதி நாய்களே இதற்குப் பெரிதும் இலக்காகின்றன. றொட்வைலர், கிறேட் டேன் போன்றவை அவற்றுள் முதன்மையானவை. உடற்பாரத்தில் ஏறத்தாழ 100க்கு 60 பங்கை முன்னங்கால்களே சுமக்கின்றன. நோயும் பின்னங்கால்களைவிட முன்னங்கால்களிலேயே அதிகமாகத் தோன்றுகின்றது. இந்நோயின் வலி மிகக் கொடியது. நாய் முனகவில்லை, ஆகையால் அதற்கு வலியில்லை என்று கருதுவோர் பலர். உண்ணும் சோற்றைப் பாதியில் விடுவதும், வாசலில் ஆள் வரும்போது எழாமல் வாலை மட்டும் ஆட்டுவதும், இரவில் இடம் மாறி மாறிப் படுப்பதும் நாயின் மொழியில் முனகலேயாகும்.

காலை அகற்றவேண்டும் என்று வைத்தியர் சொன்னபோது கிளாக்கரின் மனைவியார் அழுதுவிட்டார். வலி பிறக்கும் இடமே அந்தக் கால். அதை எடுத்துவிட்டால் வலியும் பெரும்பாலும் போய்விடும் என்பதே வைத்தியர் கூறிய நியாயம். முன்னங்காலாயின் தோட்பட்டை எலும்போடு சேர்த்தே எடுத்துவிடுகின்றார்கள். துண்டாக விட்டுவைத்தால் அது நிலத்தில் இடித்துப் புண்ணாகும். எடுப்பதற்கு முன், மார்பையும் படம் பிடித்து, சுவாசப்பைகளில் நோய் பரவிய அடையாளம் உண்டா என்று பார்த்துக்கொள்வது முறை. ஜிம்மிக்கு அவ்வாறான அடையாளம் எதுவும் தென்படவில்லை.

மனிதருக்குக் கால் போனால், போன காலோடு அவருடைய தொழிலும் மதிப்பும் எதிர்காலமும் சேர்ந்து போனதாக மனம் கலங்கும். நாய்க்கு அந்தக் கலக்கம் உண்டா என்பதை யார் அறிவார்? கண்ணாற் கண்டதைச் சொல்கின்றேன். சத்திரசிகிச்சை நடந்த மறுநாளே அது எழுந்து நின்றது. பத்தாம் நாள் தையல் பிரிப்பதற்குள் முற்றத்தில் கோழியைத் துரத்தப் பார்த்தது. வழுக்கி விழுந்ததெல்லாம் வீட்டுக்குள்ளேதான். பழைய தோட்டக் குவாட்டஸ்களின் சிவப்புச் சீமெந்துத் தரையை நீங்கள் அறிவீர்கள். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக வைத்திருப்போம். மூன்று காலுள்ள நாய்க்கு அது பெரும் பகை. தேயிலைச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, படுக்கையிலிருந்து வாசல் வரை பாதையாக விரித்தார்கள். படிகளில் இறங்கும்போது, பழைய துவாய் ஒன்றை மார்புக்குக் கீழே கொடுத்து இருபுறமும் தூக்கிப் பிடித்தார்கள். உடல் பருக்காதபடி சோற்றின் அளவையும் குறைத்தார்கள். நான்கு கால் சுமந்த பாரத்தை மூன்று சுமக்கவேண்டியிருப்பதால், இரக்கப்பட்டு அதிகம் ஊட்டுவது இங்கே கெடுதலாகவே முடியும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் வலி நீங்கியிருக்கும்; நோய் நீங்கியிராது. இந்தப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் வேளையிலேயே, எந்தப் படத்திலும் விழாத நுண்ணிய கலங்கள் இரத்தத்தின் வழியே சுவாசப்பைகளுக்குச் சென்று தங்கியிருப்பதே பெரும்பான்மை. காலை மட்டும் எடுத்த நாய்களிற் பாதி நான்கு, ஐந்து மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றன. அதன்பின் கார்போபிளாட்டின், டொக்ஸோருபிசின் போன்ற மருந்துகளை நான்கு முதல் ஆறு முறை ஏற்றினால், அந்தப் பாதிக் கணக்கு பத்து, பன்னிரண்டு மாதங்கள் வரை நீள்கின்றது. 100க்கு 20 அளவில் இரண்டாண்டையும் காண்கின்றன. எனவே இரசாயனச் சிகிச்சை என்பது பெரும்பாலும் சில மாதங்களைக் கடன் வாங்குவதேயாகும். இதை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லும் வைத்தியரே நல்ல வைத்தியர். கிளாக்கர் குடும்பத்துக்குக் கண்டிப் பக்கத்தில் அத்தகைய ஒருவர் வாய்த்தார்.

மருந்தேற்றுதல் என்றதும், தலைமயிர் உதிர்ந்து, உடல் மெலிந்து, வாந்தியால் துவண்ட நோயாளியின் உருவமே நம் மனத்தில் வருகின்றது. நாய்க்கு அந்தக் கடுமை குறைவு. நல்ல நாட்களைக் கூட்டுவதே நோக்கமாகையால், உடல் தாங்கும் அளவிலேயே மருந்து கொடுக்கின்றார்கள். பெரும்பாலான நாய்களுக்கு மயிர் உதிர்வதில்லை. மீசைமயிர் மட்டும் சிலவற்றுக்கு உதிரும். ஆனாலும் வீட்டாருக்கு வேலை உண்டு. அந்த வேலையை ஏற்றுக்கொண்டவள் கிளாக்கரின் பேத்தி, எங்கள் பாடசாலையில் சாதாரண தர வகுப்பில் படித்த பிள்ளை. அப்பியாசக் கொப்பி ஒன்றில் நாள், உண்ட சோறு, குடித்த நீர், மலம், உடல்வெப்பம் என்று கட்டம் கீறி எழுதி வந்தாள். விஞ்ஞானப் பாடத்துக்குக்கூட அவள் அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை என்று அவளுடைய ஆசிரியர் என்னிடம் முறையிட்டார்.

அந்தக் கொப்பியிலிருந்து நான் கற்றுக்கொண்டவை சில உண்டு. மருந்தேற்றிய முதல் இரண்டு மூன்று நாட்கள் நாயின் சிறுநீரிலும் மலத்திலும் மருந்து வெளியேறும். ஆகையால் கையுறை அணிந்தே அவற்றை அகற்றவேண்டும். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் விலகியிருக்கவேண்டும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை குமட்டலோ வயிற்றோட்டமோ வரலாம். அப்போது கஞ்சியும் அவித்த கோழியிறைச்சியும் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுப்பது நன்று. சற்றுச் சூடாக்கினால் வாசனை எழுந்து பசியைத் தூண்டும். குமட்டலை அடக்கும் மருந்தும் உண்டு. மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கி, பதுளை, வெலிமடை, நுவரெலியா என்று வளைந்து வளைந்து செல்லும் பாதையில் வயிறு புரட்டாத நாய் அரிது; அந்தப் பயணத்துக்கும் அதே மருந்து உதவிற்று.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையுள்ள காலமே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் அப்போது குறைந்துவிடுகின்றன. நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 பாகை பரனைட்டிலிருந்து 102.5 வரை. அது 103ஐத் தாண்டினால், விடியட்டும் என்று காத்திருத்தலாகாது. பச்சை இறைச்சியும் அந்நாட்களில் ஆகாது. நம் நாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சலும் இரத்தத்தைக் குறைக்கும்; அது மருந்தின் விளைவா, உண்ணியின் வேலையா என்று இரத்தத்தைச் சோதித்தே அறியவேண்டியிருக்கும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: நாய் வருந்துகின்றதே என்று நமது வலிமாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். மனிதர் விழுங்கும் ஐபுபுரூஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கொன்றேவிடும்.

செலவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒருமுறை மருந்தேற்றிவர ஆகும் பணம், கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தியின் பல நாட் சம்பளம். கிளாக்கருக்குக் கொழும்பில் உழைக்கும் மகன் இருந்தார், அதனால் முடிந்தது. முடியாதவர்கள் வட்டிக்கு வாங்கி இதைச் செய்யவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். காலை மட்டும் அகற்றி, எஞ்சிய மாதங்களை வலியின்றிக் கழிக்கவிடுவதும் நல்ல துணையே.

நாய்க்கு வரும் எல்லாப் புற்றுநோய்களும் இவ்வளவு செலவையும் வேண்டுவனவல்ல. நமது தெருநாய்களின் பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டியொன்றைப் பார்த்திருப்பீர்கள். சேர்க்கையின்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு உயிருள்ள புற்றுக்கலங்களே தொற்றிச் செல்லும் விந்தையான நோய் அது. கிழமைக்கு ஒன்றாக நான்கு முதல் எட்டு வரை வின்கிறிஸ்டீன் ஊசி போட்டால், பெரும்பாலும் முற்றாகக் குணமாகும். அந்த மருந்து எங்கிருந்து வருகின்றது? நம் வீட்டு வேலியோரத்தில், யாரும் நீரூற்றாமலே பூக்கும் பட்டிப்பூவிலிருந்து. நித்தியகல்யாணி என்றும் அதனைச் சொல்வர். 1952ஆம் ஆண்டில் ஜமெய்க்காவிலிருந்து கனடாவுக்கு அஞ்சலில் வந்த அதன் இலைகள் சிலவற்றை றொபேட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளர் சோதிக்கத் தொடங்கியதிலிருந்து அந்த வரலாறு ஆரம்பமாயிற்று. அதே வின்கிறிஸ்டீன் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் மருந்தாக உள்ளது.

இப்போது கடைத்தெருக் கேள்விக்கு வருவோம். ஜிம்மிக்கு வந்த நோய் மனிதரிற் பெரும்பாலும் வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு வருகின்றது. கனடாவின் டெரி ஃபொக்ஸ் அந்நோய்க்கு 1977இல் வலது காலை இழந்தார். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். சுவாசப்பைக்கு நோய் பரவியதால் அடுத்த ஆண்டு 22 வயதில் மறைந்தார். அத்தகைய பிள்ளைகளின் காலை வெட்டாமலே நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றும் முறை வளர்ந்ததில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் வித்ரோ என்னும் மிருக வைத்தியரும் அவருடைய குழுவினரும் நோயுற்ற நாய்களுக்குச் செய்த சத்திரசிகிச்சைகளுக்குப் பெரும் பங்குண்டு. 2009இல் ஐரோப்பாவில் இந்நோயுள்ள பிள்ளைகளுக்கென அனுமதிக்கப்பட்ட மிஃபமுர்டைட் என்னும் மருந்தும் முன்னர் நாய்களிற் சோதித்துப் பார்க்கப்பட்டதே. ஆகவே நாய்க்குச் செய்த வைத்தியம் மனிதரிடமிருந்து பறித்தது என்று கணக்குப் போடுவது சரியன்று. நன்றிக் கணக்குப் பார்த்தாலும் நம் முன்னோர் நம்மிலும் தாராளமானவர்கள். திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்தில், கள்வரோடு பொருது இறந்த வீரனுக்கு எடுத்த நடுகல்லில் அவனோடு நின்ற நாய்க்கும் உருவம் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கின்றார்கள்.

ஜிம்மி காலை இழந்தபின் பத்து மாதங்கள் வாழ்ந்தது. ஒன்பதாம் மாதத்திலிருந்து இருமல். மார்புப் படத்தில் வட்ட வட்டமாக நிழல்கள். இனி மருந்தேற்ற வேண்டாம் என்று வைத்தியரும் வீட்டாரும் ஒருமித்து முடிவு செய்தார்கள். அதன்பின் பேத்தியின் கொப்பியில் கட்டங்கள் குறைந்து, ஒரு நாளுக்கு ஓர் அடையாளம் மட்டும் இருந்தது: நல்ல நாளுக்கு வட்டம், கெட்ட நாளுக்குப் புள்ளடி. புள்ளடிகள் வட்டங்களை மிஞ்சினால் ஊசிபோட்டு உறங்கவிடுவது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். உயிரை எடுக்க நமக்கு ஏது உரிமை என்று நம்மவர் தயங்குவது இயல்பு, கிளாக்கரும் தயங்கினார். மூச்சுக்குத் தவிக்கும் பிராணியை அப்படியே பார்த்துக்கொண்டிருக்க நமக்கு ஏது உரிமை என்று கேட்டவர், கால் எடுக்கும்போது அழுத அவருடைய மனைவியார்தான். பசறையிலிருந்து மிருக வைத்தியர் வீட்டுக்கே வந்தார். சாக்கு விரித்த அந்தப் படுக்கையிலேயே, பேத்தியின் மடியில் தலை வைத்தபடி அது உறங்கிற்று.

கொய்யா மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். எஞ்சியிருந்த மருந்துகளையும், பிரிக்காத கையுறைப் பெட்டியையும் கிளாக்கர் மறுநாளே பசறைக்குக் கொண்டுபோய், பணமில்லாத எவருடைய நாய்க்கேனும் ஆகட்டும் என்று வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.