மூணு கோடு காட்டுது, ஆனா பேச முடியலை

இன்னைக்கு வாக்கி டாக்கி பத்திப் பேசப்போறோம். குறிப்பா அதோட பேட்டரி, இன்னும் குறிப்பா பேட்டரி தீரப்போகுதுன்னு சொல்ற அந்த ‘பீப்’. என்னைக் கேட்டா, அந்தப் பீப்பை நம்பி யாரும் எந்த வேலையும் பிளான் பண்ணக்கூடாது. ஏன்னு சொல்றேன்.

ஹாம் ரேடியோ பக்கம் புதுசா வர்ற நிறைய பேர் கையில இருக்கறது பாவ்ஃபெங் யுவி-5ஆர். (இந்தியால லைசென்ஸ் இல்லாம இதுல பேசக்கூடாது, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.) இதோட பேட்டரி 7.4 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர் ஹவர். உள்ள ரெண்டு லித்தியம் அயான் செல். சும்மா ஆன்ல கிடந்தா தோராயமா 75 மில்லி ஆம்பியர் இழுக்கும். யாராவது பேசுறது ஸ்பீக்கர்ல வந்தா 380. நாம பட்டனை அழுத்திப் பேசினா 1.4 ஆம்பியர் கிட்ட போகும். அதாவது பேசுற ஒரு நொடி, சும்மா இருக்கற 18 நொடிக்குச் சமம்.

இந்தத் துறையில பேட்டரி ஆயுளை 5-5-90னு ஒரு கணக்குல சொல்வாங்க. 5 சதவீத நேரம் பேச்சு, 5 சதவீதம் கேட்கறது, 90 சதவீதம் அமைதி. அதைப் போட்டுப் பார்த்தா சராசரி 157 மில்லி ஆம்பியர் கிட்ட வரும், பேட்டரி பதினோரு மணி நேரத்துக்கு மேல தாங்கும். ஆனா ஒரு திருவிழாக் கூட்டத்துல வாலண்டியர் கையில இருக்கற ரேடியோவுக்கு 90 சதவீதம் அமைதி எங்க கிடைக்கும்? 20 சதவீதம் பேச்சு, 20 சதவீதம் கேட்கறதுன்னு மாத்திப் போடுங்க. அதே பேட்டரி, நாலரை மணி நேரம். காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா, கூட்டம் நெரியற பத்தரை மணிக்குச் செத்துடும்.

“அதான் கோடு காட்டுதே, பார்த்துக்கலாமே”ன்னு தோணும். இங்கதான் சிக்கல்.

நம்ம போன்ல உள்ள போற, வெளிய வர்ற கரண்டைக் கணக்கு வெச்சுக்கறதுக்குன்னே ஒரு சிப் இருக்கும். அதனாலதான் 43 சதவீதம்னு தைரியமா சொல்லுது. விலை குறைஞ்ச ரேடியோக்கள் பெரும்பாலும் வோல்டேஜை மட்டும் அளந்துட்டு, அதை வெச்சுக் கோடு போடும். லித்தியம் செல்லோட குணம் என்னன்னா, 80 சதவீதத்துல இருந்து 20 சதவீதம் வரைக்கும் அதோட வோல்டேஜ் பெருசா இறங்காது. ஒரு செல்லுக்கு சுமார் 0.3 வோல்ட். ரெண்டு செல் சேர்த்தா 0.6. அதுக்கப்புறம் படியில உருண்ட மாதிரி சர்ருனு விழும்.

இப்போ பழைய பேட்டரி ஒண்ணை எடுத்துக்கோங்க. வயசாக ஆக உள் மின்தடை ஏறும். 0.4 ஓம்னு வெச்சுப்போம். பட்டனை அழுத்தினதும் 1.4 ஆம்பியர் ஓடுது. ஓம் விதிப்படி 0.56 வோல்ட் அங்கேயே போச்சு. 80 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் கிட்டத்தட்ட மொத்தமும், நீங்க வாயைத் திறக்கற அந்த நொடியில காணாமப் போகுது. சும்மா இருக்கும்போது மூணு கோடு. அழுத்தினா “லோ வோல்டேஜ்”. விட்டா திரும்ப மூணு கோடு. ரேடியோ பொய் சொல்லலை, அது அளந்த நேரத்துல அதான் நிஜம். குளிர் இருந்தா இது இன்னும் மோசம்.

இதைவிடப் பெரிய பிரச்சனை ஒண்ணு இருக்கு. அந்த எச்சரிக்கை யார் காதுல விழுது? ரேடியோ வெச்சிருக்கறவர் காதுல. ஆனா அது தெரிய வேண்டிய ஆள் எதிர்முனையில இருக்கார். மலையேறப் போன குழு நாலு மணியில இருந்து பதில் சொல்லலை. பேட்டரி போச்சா? பள்ளத்துல இறங்கி சிக்னல் மறைஞ்சதா? யாராவது விழுந்துட்டாங்களா? மூணுமே கீழ இருக்கறவருக்கு ஒரே மாதிரி அமைதியாத்தான் கேட்கும். தேட ஆள் அனுப்பறதா வேண்டாமான்னு அவர்தான் முடிவு பண்ணணும்.

கப்பல் உலகத்துல இதை எப்பவோ யோசிச்சிருக்காங்க. உயிர்காப்புப் படகுல எடுத்துட்டுப் போற விஎச்எஃப் கை ரேடியோவுக்கு, சர்வதேச கடல்சார் அமைப்பு 1995-ல ஒரு தீர்மானம் போட்டது. முழு பவர்ல 8 மணி நேரம் ஓடணும். அதுவும் நிமிஷத்துக்கு 6 நொடி பேச்சு, 6 நொடி கேட்கறது, 48 நொடி அமைதிங்கற கணக்குல. அவசரத்துக்கான பேட்டரி சார்ஜ் பண்ற வகை கிடையாது. யாரும் தொடலைன்னு காட்ட அதுல ஒரு சீல் இருக்கும். சீல் உடைஞ்சிருந்தா மாத்திடணும். கோடு பார்க்கற வேலையே இல்லை. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இது.

நம்ம கையில சீல் வெச்ச பேட்டரி கிடையாது. ஆனா சர்வர் பார்த்துக்கறவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு: ஹார்ட்பீட். ஒரு மெஷின் சாகும்போது “சாகப்போறேன்”னு சொல்லும்னு யாரும் காத்திருக்கறதில்லை. சில நொடிக்கு ஒரு தடவை “இருக்கேன்”னு சொல்லணும், சொல்லலைன்னா அலாரம். ரேடியோவுலயும் அதேதான். கால் மணிக்கு ஒரு தடவை, மூணு நொடி, “குழு ரெண்டு, நல்லா இருக்கோம்.” இதுக்கு ஆகற செலவு 1.2 மில்லி ஆம்பியர் ஹவர் கூட இல்லை. பன்னிரண்டு மணி நேரம் விடாம பண்ணாலும் பேட்டரியில 3 சதவீதம் சொச்சம்தான்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் பேட்டரியை லோடு போட்டு டெஸ்ட் பண்ணிடறீங்க. சும்மா இருக்கும்போது தெரியற கோடு சொல்லாததை இது சொல்லிடும். பட்டனை அழுத்தினதும் வாயைத் திறக்காம ஒரு நொடி விட்டுப் பேசுங்க. பேட்டரி சேவர் ஆன்ல இருந்தா எதிர்முனை ரிசீவர் தூங்கித் தூங்கித்தான் எழும், உங்க முதல் வார்த்தையை அது முழுங்கிடும்.

எச்சரிக்கை வந்துடுச்சுன்னா? அந்த நிமிஷமே எதிர்முனைக்குச் சொல்லிடுங்க: “பேட்டரி கம்மி, இனி மணிக்கு ஒரு தடவைதான்.” சிக்னல் ஓரளவு நல்லா இருந்தா 4 வாட்டை 1 வாட்டுக்கு இறக்குங்க. எதிர்முனை மீட்டர்ல ஒரே ஒரு படிதான் குறையும். ரெண்டு தடவை தொடர்ந்து குரல் வரலைன்னா தேடி வரணும்ங்கறதை மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. அதை மலை மேல போய் ரேடியோவுல பேசிக்க முடியாது.

அடுத்த எபிசோட்ல ஆன்டெனா. பார்க்கலாம் மக்களே.