மந்திரிப் பதவி காப்பாகுமா?



மந்திரிப் பதவி ஒரு சிறுபான்மையினத்துக்குக் காப்பாகுமா? வங்காளத்து ஜோகேந்திரநாத் மண்டலின் வாழ்வு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

1904இல் பாரிசால் மாவட்டத்தில், தீண்டாமைக் கொடுமைக்குள்ளான நாமசூத்திரர் குலத்திற் பிறந்த அவர் சட்டம் பயின்றார். 1937இல் தனித்தொகுதியை நாடாது பொதுத்தொகுதியில் நின்று வென்று மாகாண சட்டசபை புகுந்தார். 1946இல் சுஹ்ரவர்தியின் மாகாண மந்திரிசபையில் இடம்பெற்றார். அவ்வாண்டே அம்பேத்கர் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தெரிவாக முன்னின்று உழைத்தவரும் அவரே.

ஒடுக்கப்பட்ட இந்துக்களுக்கும் ஏழை முஸ்லிம்களுக்கும் துன்பம் ஒன்றே என நம்பி, அவர் பாகிஸ்தானைத் தேர்ந்தார். 1947 ஓகஸ்டில் அந்நாட்டு அரசியல் நிர்ணய சபையின் முதற் கூட்டத்துக்குத் தற்காலிகத் தலைவரானார். பின்னர் முதற் சட்ட மந்திரியுமானார்.

1950இல் கிழக்கு வங்காளத்தில் வன்செயல் மூண்டது. சட்ட மந்திரியாயிருந்தும் தம் மக்களுக்குச் சட்டத்தின் காப்பைப் பெற்றுக்கொடுக்க அவரால் இயலவில்லை. கல்கத்தா சென்று, ஒக்டோபரில் பிரதமர் லியாகத் அலிகானுக்கு நீண்ட இராஜினாமாக் கடிதம் விடுத்தார். 1968இல் காலமாகும்வரை அவர் மீண்டும் சட்டசபை ஏறவில்லை.

அவரைப் பதவிப் பித்தர் எனப் பழித்தல் எளிது, நீதியன்று. அவர் நம்பியது மனிதரின் வாக்கை. வாக்களித்தவர் மறைவர், மனம் மாறுவர். சாசனத்தில் எழுதி, நீதிமன்றம் காத்து, மக்கள் கையில் அதிகாரமாய் நிற்பதே உரிமை. அஃதின்றேல், மந்திரியின் ஆசனம் வெறும் மரமே!