வாசகசாலை யாருக்குச் சொந்தம்?

(கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



இன்று வாசகசாலையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள. கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "இன்றைக்காவது சாமியை இழுக்காமல் பேசுவாயா?" என்று கேட்டார். இழுப்பதும் இழுக்காததும் என் கையில் இல்லை ஐயா, விஷயம் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே போகவேண்டியதுதான் என்று சொன்னேன். அவர் முன்வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். சந்தோஷம்.

நான் எட்டாவது வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவனல்ல. படிப்பைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். பட்டம் பெற்றவர்களுக்கு வாசகசாலை ஒரு வசதி. எனக்கோ அதுதான் பள்ளிக்கூடம். ஆனதால் அதைப் பற்றிப் பேசும் பாத்தியதை அவர்களைவிட எனக்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் வீட்டை ஒருமுறை மனதில் சுற்றிப் பாருங்கள். அச்சடித்த காகிதம் என்று என்னென்ன இருக்கிறது? சுவரில் ராகுகாலம், எமகண்டம் போட்ட காலண்டர் இருக்கும். பரணில் பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கும். டிரங்குப் பெட்டியில் அடகுச் சீட்டு இருக்கும். முதலாவது நம்மைப் பயமுறுத்துகிறது. இரண்டாவது நம்மைச் செலவு செய்ய வைக்கிறது. மூன்றாவது அந்தச் செலவின் கதையைச் சொல்லுகிறது. இவற்றைத் தவிர நமக்கு நன்மை செய்கிற காகிதம் ஒன்றாவது உண்டா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். 1996-இல், அதாவது தேனி தனி ஜில்லாவான வருஷத்தில், நான் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தேன். என் தாய்மாமன் அங்கே மருந்தடிப்பவர். ஒருநாள் புதிதாக ஒரு மருந்து டப்பா வந்தது. மாமன் மூடியைத் திறந்து, வாளியில் ஊற்றி, வெறுங்கையை விட்டுக் கலக்கி, பகல் முழுதும் அடித்தார். சாயங்காலம் வாந்தி, வாயில் நுரை, கண் தெரியவில்லை என்றார். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூப்பிட்டு விட்டார்கள். அவரும் வந்து உடுக்கை அடிக்கத் தொடங்கிவிட்டார். நல்ல வேளையாகத் தோட்டத்துக் கூலிக்காரர் ஒருவர் அந்த டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "உடுக்கையை நிறுத்துங்கடா, வண்டியைக் கொண்டு வாங்கடா" என்று கத்தினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமனைப் பார்ப்பதற்கு முன்னால் டப்பாவைப் பார்த்தார். அதைப் படித்தார், உடனே ஊசி போட்டார். மாமன் பிழைத்தார்.

அந்த டப்பாவின் மேல் சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது. பூச்சி மருந்துக்குச் சர்க்கார் நான்கு நிறம் வைத்திருக்கிறார்கள்: சிவப்பு என்றால் கொடிய விஷம், அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. கூடவே ஒரு துண்டுத்தாள் வந்திருந்தது. கையுறை போடு, காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதே என்று தமிழில் அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டில் ஏழு பேர். எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன். காலையில் அந்தத் தாள் என் கையிலும் இருந்தது. நான் அதைச் சுருட்டி எறிந்துவிட்டேன்! ஏன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். எட்டு வருஷம் படித்தும், பரீட்சைக்கு வராத எழுத்தைப் படிப்பது என் வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்துத் தெரிவது வேறு. படிக்கிற பழக்கம் வேறு. பள்ளிக்கூடம் முதலாவதைத்தான் கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் பயந்துபோய்க் கிளை நூலகத்துக்குள் நுழைந்தேன். திராட்சையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். நூலகர் என் அழுக்குச் சட்டையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. புஸ்தகத்தை எடுத்து வைத்தார். அதில்தான் போர்டோ கலவையைப் பற்றிப் படித்தேன். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். தனித்தனியே கரைத்துப் பிறகு சேர்க்கவேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்க, தேய்த்த இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால், செம்பு நிறம் ஏறக்கூடாது. ஏறினால் இன்னும் சுண்ணாம்பு போடு. எவ்வளவு தெளிவு பாருங்கள்!

இதைக் கண்டுபிடித்த கதை இன்னும் வேடிக்கை. பிரான்ஸ் தேசத்தில் போர்டோ பக்கத்துத் திராட்சைக்காரர்கள், பழம் திருடுகிறவர்களைப் பயமுறுத்துவதற்காக, பாதையோரத்துக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்களாம். மற்றக் கொடியெல்லாம் அடிச்சாம்பல் நோயில் கருகியபோது அந்தப் பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. அந்த வழியாகப் போன மில்லார்டே என்கிற பேராசிரியர் நின்று பார்த்து, ஏன் என்று கேட்டார். பரீட்சை செய்து 1885-இல் உலகத்துக்குச் சொன்னார். நம் தோட்டத்திலோ அதே நோய்க்குப் பூசணிக்காயில் மூஞ்சி வரைந்து திருஷ்டி பொம்மை கட்டியிருந்தோம். பொம்மைக்கு ஒரு நோயும் வரவில்லை; கொடிதான் போயிற்று. பெரியவர் சிரிக்கிறார். நான் சாமியை இழுக்கவில்லை, பூசணிக்காயைத்தான் இழுத்தேன்.

எழுத்தோடு நம் பள்ளத்தாக்குக்கு உள்ள சம்பந்தம் சாதாரணமானதல்ல. குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று வைத்து, பிறந்த ஜாதிக்காகவே மனிதனைக் குற்றவாளி என்று பதிவு செய்து, அவன் ரேகையைக் காகிதத்தில் வாங்கி வைத்திருந்த காலம் இந்தப் பக்கத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அதை நீக்கினார்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயரை மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தின் மிச்சம் அது. நம்மைப் பற்றி எழுதி வைத்திருந்ததை நம்மால் படிக்க முடியாமல் இருந்தது. அதைவிட அடிமைத்தனம் வேறென்ன வேண்டும்?

சரி, இந்த வாசகசாலை எப்படி வந்தது? எவரோ தர்மம் செய்து வந்ததா? இல்லை. 1948-இல் சென்னை சட்டசபையில் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திரம் வந்த பிறகு இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் செய்தது நம் மாகாணம்தான் முதல். அதற்காக இருபது வருஷம் மன்றாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் இன்ன ஜாதி, அவரை நீ புகழலாமா என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். புஸ்தகம் பூஜைக்கல்ல, உபயோகத்துக்கு. வந்து கேட்கிற ஒவ்வொருவனுக்கும் அவனுக்கு வேண்டிய புஸ்தகம் கிடைக்கவேண்டும் என்று 1931-லேயே விதி எழுதி வைத்த மனிதரை, எந்த ஜாதியில் பிறந்தாலும் நான் புகழுவேன். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புஸ்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வரமுடியாதவனிடம் புஸ்தகம் போகவேண்டும் என்பது அவர் எண்ணம்.

சட்டம் வந்ததும் செலவுக்குப் பணம் வேண்டுமே! அதற்கு வீட்டுவரியோடு நூலக வரி என்று சேர்த்தார்கள். இப்பொழுது வரி ரூபாய்க்குப் பத்துக் காசு. உங்கள் வீட்டுவரி 600 ரூபாய் என்றால் 60 ரூபாய் வாசகசாலைக்கு என்று வாங்குகிறார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். ஓட்டு வீட்டுக்காரனும் கட்டுகிறான். மாடி வீட்டுக்காரனும் கட்டுகிறான். உண்டியலில் போட்ட காசுக்குக் கணக்குக் கேட்க முடியாது. இதற்குக் கேட்கலாம். வசூல் செய்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் பாக்கி வைக்கிற ஸ்தல ஸ்தாபனங்கள் நாட்டில் உண்டு. நம் ஊரில் எவ்வளவு வசூல், எவ்வளவு கட்டியாயிற்று என்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்ச் செலவு.

கேட்கவேண்டியது இன்னும் இரண்டு. ஒன்று, இடம். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், பெயர் வேண்டாம், படிப்பகம் ஒரு ஜாதியாரின் சாவடித் திண்ணையில் இருந்தது. பலகையில் "அனைவரும் வருக" என்றுதான் எழுதியிருந்தது. யாரும் யாரையும் வராதே என்று சொன்னதில்லை. ஆனாலும் கீழத்தெருப் பையன் ஒருவன் தினம் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டு, "அண்ணே, அந்த வேலை விளம்பரத்தை மட்டும் கொஞ்சம் உரக்கப் படிங்கண்ணே" என்று கேட்பான். நானும் படித்துச் சொல்லியிருக்கிறேன். மேலே ஏறி வாடா என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. வாசகசாலை யாருடைய தெருவிலும் இருக்கக்கூடாது. பஸ் நிற்கிற இடத்தில், எல்லாரும் நடக்கிற பாதையில் இருக்கவேண்டும்.

இரண்டாவது, நேரம். விடியுமுன்னே கம்பம் மெட்டுக்கும் குமுளிக்கும் போடி மெட்டுக்கும் ஜீப்புகள் ஏறுகின்றன. அதில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்கள். என் தாயாரும் போனவர். அவர்கள் திரும்புகிறபோது பொழுது சாய்ந்துவிடுகிறது. பள்ளி விட்ட குழந்தை அதுவரை எங்கே இருக்கும்? தெருவில், அல்லது டீக்கடை டிவி முன்னால். வாசகசாலை இரவு எட்டு மணி வரை திறந்திருந்து, விளக்கும் பாயும் குழந்தைப் புஸ்தகமும் இருந்தால், தாய் திரும்பி வருகிற வரை அதுவே அந்தக் குழந்தைக்கு வீடு. அழைத்துப்போக வருகிற தாயும் ஐந்து நிமிஷம் உட்காருவாள். 2011 ஜனக்கணக்கில் நம் தமிழ்நாட்டில் ஆண்களில் நூற்றுக்கு 86 பேருக்கு எழுத்துத் தெரியும், பெண்களில் 73 பேருக்குத்தான். இந்தப் பதின்மூன்று பேர் எங்கே விட்டுப் போனார்கள் என்று தேடினால் அடுப்படியிலும் ஜீப்பிலும் இருப்பார்கள்.

செல்போன் இருக்கும்போது புஸ்தகம் எதற்கு என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். செல்போனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் வருவது நீங்கள் தேடியதா, எவனோ தள்ளிவிட்டதா? சர்க்கரை வியாதிக்கு இந்த இலையைத் தின்னு, மாத்திரையை நிறுத்து என்று காலையில் வருகிறது. எழுதியவன் யார்? பெயர் உண்டா? தவிரவும், வீட்டில் இருக்கிற செல்போன் அப்பன் பையிலோ அண்ணன் கையிலோ இருக்கிறது. பெண்பிள்ளை தொட்டால் எதற்கு என்று கேள்வி வருகிறது. நூலகத்துப் புஸ்தகத்தை அவள் தன் பெயரில் வாங்கித் தன் பையில் கொண்டு வரலாம்.

சரஸ்வதி பூஜையன்று நாம் என்ன செய்கிறோம்? புஸ்தகத்தையெல்லாம் அடுக்கி, பொட்டு வைத்து, அன்றைக்குப் படிக்கக்கூடாது என்கிறோம். கல்வித் தெய்வத்தின் நாளில் கல்விக்கு லீவு! இது இத்துடன் நிற்கட்டும். பெரியவர் முகம் மாறுகிறது.

புஸ்தகத்தின் மதிப்பை நாம் அறியாவிட்டாலும் அதன் விரோதிகள் அறிவார்கள். யாழ்ப்பாணத்தில் 1933-இல் செல்லப்பா என்பவர் தம் வீட்டில் தொடங்கியது நாளடைவில் பெரிய பொது நூலகமாயிற்று. 1981-இல் ஓர் இரவில் அதைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 புஸ்தகம் சாம்பலாயிற்று. ஆயுதசாலையை விட்டுவிட்டுப் புஸ்தகசாலையைக் கொளுத்தினவனுக்கு, ஒரு ஜனசமூகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். பெரிய கட்டடம், நானும் போய்ப் பார்த்தேன், மகிழ்ச்சி. ஆனால் நமக்கு அணையைப் பற்றித் தெரியும். 1895-இல் பென்னிகுயிக் பெரியாற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். அணை மட்டும் கட்டிவிட்டு வாய்க்காலும் மடையும் இல்லாமல் விட்டிருந்தால் இங்கே ஒரு நெல் விளைந்திருக்குமா? மதுரை நூலகம் அணை. நம் ஊர்ப்புற நூலகம்தான் மடை. மடை தூர்ந்து கிடக்கிறது. பென்னிகுயிக் படத்துக்கு நம்மவர்கள் பொங்கல் வைத்துச் சூடம் காட்டுகிறார்கள். நன்றியுணர்ச்சி நல்லதுதான். ஆனால் அந்த மனிதர் சூடத்தால் மலையைக் குடையவில்லை, கணக்கால் குடைந்தார். அந்தக் கணக்குப் புஸ்தகம் நம் பிள்ளைகள் கைக்கு வரட்டும்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். கடைசி ஜீப்பில் வந்தவர்கள் இன்னும் சாப்பிடவில்லை என்று சீட்டு வந்திருக்கிறது. மேஜையின் மேல் நூலக உறுப்பினர் படிவம் வைத்திருக்கிறோம். கட்டவேண்டியது சொற்பத் தொகைதான். விலாசத்துக்கு ஆதாரமாக ரேஷன் கார்டு நகல் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் நிரப்பிக் கொடுப்பார்கள். ஆண்கள் தங்கள் பெயரில் ஒன்று வாங்கினால், மனைவி பெயரிலும் மகள் பெயரிலும் தனித்தனியாக வாங்கவேண்டும். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும் என்று சொல்லாதீர்கள். படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் வீட்டுக்குப் புஸ்தகம் கொண்டுபோய்க் கொடுக்க "நூலக நண்பர்கள்" என்று சர்க்கார் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குச் சேர நினைக்கும் வாலிபர்கள் தங்கள் பெயரை என்னிடம் கொடுங்கள். நேரத்தை எட்டு மணி வரை நீட்டும்படி கேட்கும் மனுவும் அங்கேயே இருக்கிறது; பெண்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும்.