நெஞ்சைக் கடந்த சயரோகம்



சயரோகம் என்றதும் இருமலும் சளியுமே பலரது நினைவுக்கு வருகின்றன. ஆயின் அந்நோய்க் கிருமி நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் பரவி, கழுத்துக் கழலை, முள்ளந்தண்டு, குடல், சிறுநீரகம், மூளையுறை ஆகியவற்றிலும் அது குடிகொள்ளும்.

கமக்காரர் ஒருவருக்குப் பல மாதங்களாக முதுகுவலி இருப்பதாகக் கொள்வோம். இருமல் இல்லை. வேலைக் களைப்பென்று எண்ணி எண்ணெய் பூசி வருகின்றார். மாலையில் இலேசான காய்ச்சல், இரவில் வியர்வை, உடலில் மெலிவு. ஒருநாள் கால்கள் தளரவே வைத்தியசாலையை நாடுகின்றார். மார்பின் எக்ஸ்கதிர்ப் படத்தில் பழுதில்லை. சளியிலும் கிருமி இல்லை. இவ்விரண்டை மட்டும் கொண்டு சயரோகம் இல்லையெனத் தீர்ப்பது தவறாகும். முள்ளந்தண்டு சிதைந்து கால்கள் வழங்காமற் போவதை இலண்டன் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொட் 1779 ஆம் ஆண்டிலேயே விவரித்தார். அதற்குக் காரணமான கிருமியை ரொபேட் கொக் அறிவித்ததோ 1882 ஆம் ஆண்டிலாகும்.

நோய் எங்கே இருக்கின்றதோ அங்கேயே சான்றைத் தேடுதல் வேண்டும். கழலையாயின் ஊசியால் இழையம் எடுப்பர். மூளையுறையாயின் முள்ளந்தண்டு நீரைச் சோதிப்பர். எடுத்த இழையம் முழுவதையும் போமலினில் இட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க இயலாது. ஆதலால் ஒரு பகுதியை வேறாக அனுப்புதல் அவசியம். கிருமியின் மரபணுவைக் காணும் சோதனை சில மணி நேரத்தில் விடை தரும். வளர்ப்புச் சோதனைக்கோ வாரங்கள் செல்லும். கிருமி அகப்படாமையால் மட்டும் நோய் இல்லையென்று கூறுவதற்கில்லை. மூளையுறை நோயெனப் பலத்த ஐயம் எழுந்தால், முடிவுக்குக் காத்திராது வைத்தியர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவர். தாமதம் உயிரையே பறித்துவிடும்.

வழக்கமான சிகிச்சையில் முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகளும், பின் நான்கு மாதங்களுக்கு இரண்டு மருந்துகளும் கொடுக்கப்படும். எலும்பிலும் மூளையுறையிலும் நோயுற்றோர்க்கு இது ஓராண்டு வரை நீளலாம். மூளையுறை நோய்க்கு ஸ்டீரொயிட்டும் சேர்க்கப்படும். சிகிச்சையின் நடுவே கழலை சிலருக்குப் பெருப்பதுண்டு. மருந்து பயனற்றதென்று அஞ்சி அதனை நிறுத்தலாகாது. வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். சிறுநீர் சிவந்து போவது மருந்தின் நிறமேயன்றித் தீங்கன்று. கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

நுரையீரலிலும் நோய் இல்லாதவிடத்து இவ்வகைச் சயரோகம் பொதுவாகப் பிறருக்குத் தொற்றுவதில்லை. நோயாளிக்குத் தனிக் கோப்பையும் தனிப் பாயும் ஒதுக்க வேண்டியதில்லை. இலங்கையில் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. வெட்கத்தால் மறைக்கப்படும் நோய் முதுகை வளைத்துவிடும். காலத்தோடு கண்டறியப்படும் நோயோ குணமாகும். அந்தக் கமக்காரர் மீண்டும் வயலில் இறங்குவதும், படுக்கையிலேயே கிடப்பதும், அவர் எப்போது வைத்தியசாலையின் படியேறினார் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கின்றன.